கிளச் பெடல் இடம் மாறிக்கொண்டே இருந்தால், பிளேற்றை மாற்ற முதல் இதைப் படியுங்கள்

போன வருசம் பங்குனி வெயிலோடு என் காரின் கிளச் பெடல் குழப்படி செய்யத் தொடங்கியது. காலையில் கொக்குவிலில் வீட்டு வாசலில் இருந்து எடுக்கும்போது பெடல் பாதிவழி மேலே வந்ததும் கிளச் பிடிக்கும். எப்போதும் பிடிக்கிற இடம்தான். பள்ளிக்கூடம் விட்டு கொடிகாமத்தில் இருந்து திரும்பி, சாவகச்சேரிச் சந்தை நெரிசலில் ஊரும்போது அதே பெடல் தரைக்கு இரண்டு விரல் மேலேயே பிடித்துவிடும். ஒழுங்கைக்குள் றிவேர்ஸ் எடுக்கப் போனால் கியர் கறாரென்று பல்லைக் கடிக்கும். அடுத்த நாள் காலையில் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். கார் 1998 ஆம் ஆண்டு ஜப்பான் கார், மனுவல் கியர். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவைத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் எல்லாரும் பழைய வண்டிகளையே பார்த்துப் பார்த்து வைத்திருந்தோம். அதனால் காரில் ஒரு சின்னச் சத்தம் வித்தியாசமாகக் கேட்டாலும் எனக்கு நெஞ்சு பக்கென்றுவிடும்.

டவுனுக்குள் இருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஏறி இருந்து டக் டக்கென்று நாலைந்து தரம் பெடலை மிதித்தார். பெடல் நல்ல பிள்ளையாக மேலே நின்றது. "ரீச்சர், பெடலில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் கிளச்சில காலை வச்சுக்கொண்டு ஓடுறீங்கள் போல. பிளேற் முடிஞ்சுது" என்றார். பதினைந்து வருசத்துக்கு மேலாக ஓட்டுகிறேன், அப்படிப் பழக்கம் எனக்கு இல்லை என்றேன். அவர் அதைக் காதில் போடவே இல்லை. "வீட்டில இருந்து ஆம்பிளையள் ஆரும் வரேல்லையோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டாம். ஆனால் காரை விட்டுவிட்டுத்தான் வந்தேன், ஏனென்றால் வேறு ஆரிடம் கேட்பதென்று தெரியவில்லை. கிளச் பிளேற், பிறசர் பிளேற், பெயாரிங் மூன்றும் சேர்ந்த செற் 52,000 ரூபாய். கியர் பொக்ஸை இறக்கி ஏற்றக் கூலி 18,000. ஒயில், சில்லறைச் சாமான் 3,000. கார் வர ஒரு கிழமைக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் விடிய எழும்பி, பஸ்ஸில் நின்றபடி பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

அன்று எனக்குத் தெரியாமல் இருந்த விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதில் இருந்துதான் விளங்கும். என்னுடையதைப் போன்ற கார்களில் பெடலுக்கும் கிளச்சுக்கும் இடையில் கம்பி கிடையாது, ஒயில்தான் இருக்கிறது. இரண்டு சிரிஞ்சுகளை ஒரு ரியூப்பால் இணைத்து, ஒன்றை அமத்தினால் மற்றது தள்ளும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெடலுக்குப் பின்னால் இருப்பது மாஸ்ரர் சிலிண்டர், கியர் பொக்ஸின் பக்கத்தில் இருப்பது சிலேவ் சிலிண்டர். விளங்க வசதியாக மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்றே சொல்கிறேன். மேலே மிதிப்பது முழுவதும் கீழே போய்ச் சேர்ந்தால் கிளச் ஒரே இடத்தில் பிடிக்கும். வழியில் காற்று இருந்தாலோ, சிலிண்டருக்குள் ஒயிலை அடைத்துத் தள்ளும் றப்பர் தேய்ந்து ஒயில் பின்னுக்கு நழுவினாலோ, கீழே போகிற தள்ளு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பிளேற் என்பது எஞ்சினையும் கியர் பொக்ஸையும் உராய்ந்து பிடித்து இணைக்கும் தட்டு. அது தேய்வது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. தேய்ந்த பிளேற் இரவோடு இரவாகத் தடிப்பாகி, காலையில் பழைய இடத்தில் பிடிக்காது. ஒரே நாளுக்குள் கிளச் பிடிக்கும் இடம் ஏறி இறங்குகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயில் போகும் பாதையை. அதைப் பார்க்கக் கியர் பொக்ஸை இறக்கத் தேவையே இல்லை. பிளேற் முடிந்ததற்கு அடையாளம் வேறு: நாலாம் கியரில் மெதுவாகப் போகும்போது அக்சிலேற்றரை ஒரேயடியாக அமத்தினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. என் கார் அப்போது அப்படிச் செய்யவில்லை. அதை ஒருவரும் ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

சரி, செற் மாற்றி வந்த கார் சில கிழமைகள் அருமையாக ஓடியது. பெடல் முன்னையதை விட உயரத்திலேயே பிடித்தது. காசு போனாலும் நிம்மதி என்று இருந்தேன். பிறகு ஒரு அலுவலாக வவுனியாவுக்குத் தனியே போனேன். ஆனையிறவு தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. கிளிநொச்சி கடந்து வெயில் ஏற ஏறப் பெடல் கல்லுப் போல இறுகி, மேலே மேலே பிடிக்கத் தொடங்கியது. மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு லொறியை முந்தலாம் என்று அமத்தினால் எஞ்சின் அலறுகிறது, கார் போகவில்லை. புது பிளேற் வழுக்குகிறது! கருகின மணம் உள்ளே வந்தது. ஓரத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு இருந்தேன். தண்ணீர்ப் போத்தலும் கைபேசியும்தான் துணை. கராஜுக்குப் போன் எடுத்தால், "புது பிளேற் இன்னும் செற் ஆகேல்லை ரீச்சர், ஓட ஓடச் சரிவரும்" என்றார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தால் கார் ஒழுங்காக ஓடியது. அந்த ஒரு மணித்தியாலம்தான் நோயைச் சொல்லும் துப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏன் சூட்டில் வழுக்கி, ஆறியதும் சரிவர வேண்டும்?

ஊருக்கு வந்த பிறகு பழைய சேட்டையும் திரும்பிவிட்டது. இப்போது பெடல் இரண்டு பக்கமும் ஆட்டம் காட்டியது. நெரிசலில் தாழும், நீண்ட ஓட்டத்தில் ஏறும். வேறொரு கராஜில் கீழ்ச் சிலிண்டரின் றப்பர்களை மாற்றினார்கள். சாமானும் கூலியுமாக 7,500. ஒரு மாற்றமும் இல்லை. "உங்கட கார் பழசு அக்கா, இதை இப்படியே ஓடிப் பழகுங்கோ" என்பதுதான் அங்கே கிடைத்த வைத்தியம்.

அதற்குப் பிறகுதான் நானே பார்ப்பதென்று இருந்தேன். தையல் பெட்டியில் இருந்த அளவு நாடாவைக் காரில் போட்டு வைத்து, எஞ்சின் குளிராக இருக்கும்போதும் ஓடி வந்த சூட்டிலும் கிளச் பிடிக்கும் இடத்தில் பெடல் தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, பாடக்குறிப்புக் கொப்பியின் பின் பக்கத்தில் எழுதினேன். செய்வதென்றால் காலுக்குக் கீழே விரித்திருக்கும் காப்பெற்றை முதலில் இழுத்து எடுத்துவிடுங்கள். அது சுருண்டு பெடலுக்குக் கீழே போனாலே பெடல் முழுக்கப் போகாது. எழுதி வைத்ததில் ஒரு சங்கதி பளிச்சென்று தெரிந்தது. நான் பெடலைச் சட்டென்று மிதித்தால் நல்ல உயரம். மெல்ல அமத்தினால், அல்லது அமத்தியபடி வைத்திருந்தால் தாழ்வு. கொக்குவில் ரயில் கடவையில் கேற் போட்டிருக்கும்போது முதலாம் கியரில் கிளச்சை அமத்திக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கார் தானாக முன்னுக்கு ஊரத் தொடங்கியது. நல்ல காலம், முன்னால் ஒருவரும் இல்லை. கால் அசையவில்லை, ஆனால் கிளச் பிடிக்கிறது. மெக்கானிக்மார் ஏறி இருந்து வேகமாக மிதித்துப் பார்க்கும்போது இந்த நோய் வெளியே வரவே வராது. தேய்ந்த றப்பரும் வேகமான அமத்தலில் சுவரோடு ஒட்டி நின்றுவிடும், மெல்ல அமத்தினால்தான் ஒயில் அதைத் தாண்டி நழுவும். அதனால் உங்கள் காரைப் பரிசோதிக்கும் ஆளிடம், பெடலை மெல்ல அமத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். வெறுமனே நாலு மிதி மிதித்துவிட்டு இறங்கினால் விடாதீர்கள்.

அடுத்த ஞாயிறு மகனைச் சாரதி இருக்கையில் இருத்தி, எஞ்சினை ஓட விடாமல், கியரை நியூட்ரலில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு பொனற்றைத் திறந்தேன். என் காரில் கீழ்ச் சிலிண்டர் மேலே இருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும் இடத்தில் இருக்கிறது. சில வண்டிகளில் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியென்றால் ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போக வேண்டாம். "அமத்து" என்றதும் சிலிண்டரின் றப்பர் மூடிக்குள் இருந்து விரல் தடிப்புக் கம்பி வெளியே வந்து, கிளச்சை விடுவிக்கும் நெம்பைத் தள்ளி நின்றது. "விடாதை, அப்பிடியே வச்சிரு." ரோர்ச் வெளிச்சத்தில் அந்தக் கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணுக்குத் தெரியத் தெரிய, நூல் நூலாகப் பின்னுக்குப் போனது. "அம்மா, பெடல் தானாக் கீழ போகுது" என்று அவன் உள்ளே இருந்து கத்தினான். இரண்டு சிலிண்டரிலும் குழாயிலும் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. மேல் சிலிண்டருக்கு ஒயில் கொடுக்கும் குப்பியில் மட்டமும் இறங்கவில்லை. வெளியே ஒழுகாமல் தள்ளு குறைகிறதென்றால் ஒயில் மேல் சிலிண்டருக்குள்ளேயே றப்பரைத் தாண்டிக் குப்பிக்குத் திரும்புகிறது. வேறு போக்கிடம் இல்லை.

ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு இடங்கள் போதும். கீழ்ச் சிலிண்டரின் றப்பர் மூடியை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சிலிண்டர்தான். காருக்குள் பெடலின் மேல் பக்கம், கம்பி சுவருக்குள் போகிற இடத்தைத் தடவிப் பாருங்கள், ஈரமாக இருந்தால் மேல் சிலிண்டர் உள்ளுக்கு ஒழுகுகிறது. குப்பியில் மட்டம் இறங்கிக்கொண்டே போனால் எங்கேயோ ஒழுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேற் தேய்ந்தால் மட்டம் மிகச் சிறிதாக ஏறுமே தவிர இறங்காது. நாலைந்து தரம் மிதித்ததும் பெடல் உயர்ந்து, பஞ்சு போல மெதுமெதுவென்று இருந்தால் காற்று. எயர் எடுத்தால், அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றினால் தீரும். எயர் எடுத்துச் சில நாளில் திரும்ப வந்தால் காற்று உள்ளே வரும் ஓட்டை இன்னும் இருக்கிறது. இரண்டு சிலிண்டருக்கும் இடையில் இருக்கும் றப்பர்க் குழாயையும் (ஓஸ்) பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. பழைய ஓஸ் சூட்டில் மிதிக்க மிதிக்க உப்பும், அதைக் கையால் பிடித்துப் பார்த்தாலே தெரியும்.

இந்தக் கதையோடு மானிப்பாய்ப் பக்கம் பெயர்ப் பலகை கூட இல்லாத ஒரு சின்னக் கொட்டிலுக்குப் போனேன். வயதான மெக்கானிக். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை, கொப்பியை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவும் எழுதிக்கொண்டு வந்தால் எனக்கென்ன பிள்ளை வேலை" என்று சிரித்துவிட்டு, ரோர்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்ரெயரிங்குக்குக் கீழே தலையை விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெடலில் இருந்து மேல் சிலிண்டருக்குப் போகும் கம்பியில் ஒரு பூட்டு நட் இருக்கிறது. சுற்றிலும் பழைய தூசு, நட்டில் மட்டும் சாவி பிடித்த புதுக் கீறல். பெடல் உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று ஆரோ அந்தக் கம்பியை நீட்டிவிட்டிருக்கிறார்கள். செற் மாற்றிய பிறகு பெடல் ஏன் அவ்வளவு உயரத்தில் பிடித்தது என்பதற்கு விடை அங்கே இருந்தது.

மாங்குளத்தில் நடந்ததும் அதனால்தான். காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் முழுக்கப் பின்னுக்கு வந்து, குப்பிக்குப் போகும் ஒரு நுண்ணிய துளையைத் திறந்துவிட வேண்டும். சூட்டில் விரியும் ஒயில் அந்தத் துளையால்தான் குப்பிக்குத் திரும்பும். கம்பியை நீட்டிவிட்டால் பிஸ்டன் அந்த இடத்துக்கு வராது, துளை அடைபட்டே நிற்கும். எஞ்சின் சூட்டில் விரிந்த ஒயிலுக்குப் போக வழியில்லாமல் அது கிளச்சைத் தானே அரைவாசி அமத்திப் பிடிக்கும். பிளேற் வழுக்கும், கருகும். ஆறினால் ஒயில் சுருங்கி எல்லாம் சரியாகும். பெடலைக் கை விரலால் மெல்லத் தள்ளினால் தொடக்கத்தில் கம்பி பிஸ்டனைத் தொட முதல் ஒரு சிறு வெற்றாட்டம் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் எவ்வளவு புதுச் சாமான் போட்டாலும் இதுதான் கதி என்றார். வீதியில் இப்படி அகப்பட்டால் ஆற விடுவதுதான் வழி. சாவி கையில் இருந்து, பழக்கமும் இருந்தால், கீழ்ச் சிலிண்டரின் எயர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஒயில் பீறிட்டு வந்து, வழுக்கல் நின்றால் நோய் இதுதான் என்று உறுதி.

பழைய மேல் சிலிண்டரைக் கழற்றித் துடைத்து என் கையில் தந்தார். உள்ளே சுவர் கண்ணாடி போல மினுங்க வேண்டும். நடுப்பகுதியில் அடிப்பக்கம் மட்டும் அரித்து, நகம் தடுக்குகிற பள்ளம். வாய்ப் பக்கம் நல்லாகவே இருந்தது. றப்பர் அந்தப் பள்ளத்துக்கு வரும்போது மட்டும் ஒயில் நழுவும். பெடல் ஏன் ஒரு ஆழத்தில் பிடித்து இன்னொரு ஆழத்தில் விட்டது என்பது அப்போது விளங்கியது. அரித்த சிலிண்டருக்குப் புது றப்பர் மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் அந்தப் பள்ளமே றப்பரைக் கிழித்துவிடுமாம். அதனால் முழுச் சிலிண்டரையே மாற்றினோம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்தது, 14,500. ஒயில் 2,400. கூலி 3,500 போதும் என்றார்.

அரிப்புக்குக் காரணம் பழைய ஒயில். பிரேக், கிளச் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறியதும் அந்த அளவு 140 க்கு இறங்கிவிடும். டொட் 4 க்கு 230 உம் 155 உம். சேரும் தண்ணீர் சிலிண்டரின் அடியில் தங்கி அரிக்கும். இரண்டு வருசத்துக்கு ஒரு தரம் ஒயிலை முழுதாக மாற்றினால் எனக்கு வந்த பள்ளம் வந்திருக்காது. பிரேக் ஒயிலை ஒழுங்காக மாற்றுபவர்கள் கூடக் கிளச்சுக்கு அதே ஒயில்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். மூடியைத் திறந்து மாதக்கணக்காக வைத்த போத்தலில் இருந்து ஊற்ற விடாதீர்கள். எஞ்சின் ஒயில் தப்பித்தவறியும் அந்தக் குப்பிக்குள் போகக் கூடாது, றப்பரெல்லாம் ஊதிவிடும். பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். என் மட்காட்டில் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பெயின்ற் உரிந்ததற்கு இரண்டாவது கராஜின் கவலையீனம்தான் காரணம்.

மாருதி 800, அல்ற்றோ வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிலிண்டர்க் கதை பொருந்தாது. அவற்றில் கிளச் கேபிள். அங்கே பெடல் இடம் மாறினால் கேபிள் இழுபட்டிருக்கிறதா, உறைக்குள் துருப்பிடித்து இறுகி நிற்கிறதா, கியர் பொக்ஸ் பக்கத்து நட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் விலையும் கிளச் செற்றின் விலைக்குக் கிட்டவும் வராது.

முதல் கராஜுக்கு ஒருநாள் போய், கழற்றிய பழைய பிளேற்றைத் தாருங்கள் என்று கேட்டேன். எறிந்தாச்சு என்றவர்கள், நான் நகராமல் நின்றதும் பின்னால் இருந்த பரலுக்குள் இருந்து எடுத்துத் தந்தார்கள். பிளேற்றில் உராயும் பகுதியான லைனிங், அதைப் பிடித்திருக்கும் ஆணித் தலைகளுக்கு மேலே ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட நின்றது. ஜப்பான் கார்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கடைசி அளவு 0.3. இன்னும் சில வருசம் ஓடியிருக்கும். அந்த 73,000 இல் ஒரு சதமும் திரும்பி வரவில்லை, கேட்டதற்கு "அது நீங்கள் மாத்தச் சொன்னதுதானே" என்றார்கள். இனிமேல் எந்தக் கராஜிலும் வேலை தொடங்க முதல் கழற்றும் சாமான் எனக்கு வேண்டும் என்று சொல்லி, பில்லிலும் எழுதுவிக்கிறேன். பெடல் இப்போது காலையும் மாலையும் ஒரே உயரம். ஆனால் மாங்குளத்தில் கருகின புது பிளேற் கருகினதுதான். முதலாம் கியரில் எடுக்கும்போது கார் ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டுத்தான் கிளம்புகிறது. அதை மாற்றுவதென்றால் திரும்பவும் கியர் பொக்ஸை இறக்க வேண்டும். இந்த வருசம் கையில் அதற்குக் காசு இல்லை, நடுங்கட்டும்.